எலும்பு முறிவு: முதல்நிலை மருத்துவர் கண்டறிவதும் கையாள்வதும்

விழுந்து அடிபட்டு வருபவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு முறிந்திருப்பதில்லை. முறிந்திருப்பவர்களிலும் பலருக்குச் சிம்பும் (எலும்பு அசையாதபடி தாங்கும் பட்டை) வலிமாத்திரையும் சில வாரப் பொறுமையும் போதும். ஆனால் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்குச் சில மணி நேரத்தில் முன்கைத் தசை செத்துப்போகக்கூடும். இன்னொருவருக்கு முறிவு இருந்தும் இன்றைய எக்ஸ்ரேயில் அது தெரியாது. அறுவை அரங்கும் எலும்பு நிபுணரும் பக்கத்தில் இல்லாத மருத்துவர் இந்த மூவரையும் பிரித்தறிந்துவிட்டால் தம் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டார்: இன்றே அனுப்பப்பட வேண்டியவர், இங்கேயே வைத்துக் குணப்படுத்தக்கூடியவர், பத்து நாள் கழித்து மறுபடி பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதவர். இந்தப் பிரிப்பில் எக்ஸ்ரே கருவியைக் காட்டிலும் மருத்துவரின் விரல்நுனிக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ், இன்று அவர் பெயரால் வழங்கும் மணிக்கட்டு முறிவை விவரித்து எழுதியது 1814ஆம் ஆண்டில். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். இடைப்பட்ட 81 ஆண்டுகளும் அந்த முறிவைக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும்தான் கண்டுபிடித்து வந்தார்கள்.

கேட்டறிவது

எப்படி விழுந்தார் என்பதை வாயால் சொல்லச் சொல்வதோடு நிறுத்தாமல், அடிபடாத கையாலோ காலாலோ செய்துகாட்டச் சொன்னால் விவரம் தெளிவாகக் கிடைக்கும். கையை நீட்டி உள்ளங்கை தரையில் ஊன்ற விழுந்தவருக்கு அந்த விசை மணிக்கட்டிலிருந்து முழங்கை வழியாகத் தோள்வரை ஏறுகிறது. ஆகவே மணிக்கட்டு வலி என்று வந்தவருக்கும் முழங்கையையும் காறையெலும்பையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். இதே விழுகை ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பை முறிக்கும். இருபது வயது இளைஞருக்கு மணிக்கட்டின் சிற்றெலும்புகளில் ஒன்றான ஸ்கஃபாய்டை முறிக்கும். அறுபதைக் கடந்த பெண்ணுக்குக் கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பான ஆரையின் கீழ்முனையை முறிக்கும். வயதைக் கேட்டதுமே எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடுகிறது.

விழுவதற்கு முன்பே அந்த இடத்தில் வலி இருந்ததா என்ற கேள்வியைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். இருந்தது என்றால் புற்று பரவி நலிந்த எலும்பாகவோ, ஓட்டத்தாலும் நெடுநடையாலும் சிறுகச் சிறுக விரிசல் கண்ட எலும்பாகவோ இருக்கலாம். முதியவரிடம் ஏன் விழுந்தீர்கள் என்று கேட்க வேண்டும். தலைசுற்றி விழுந்தவருக்கு எலும்பைக் கட்டிவிட்டு இதயத்தைப் பார்க்காமல் அனுப்புவது பாதி வைத்தியமே. விரல் முட்டிக்கு மேல் சிறு கீறலோடு கை வீங்கி வரும் இளைஞர் சுவரில் இடித்துக்கொண்டதாகத்தான் சொல்வார். எதிராளியின் பல் பட்டதா என்று கடிந்துகொள்ளாத குரலில் நேராகக் கேட்டுவிட வேண்டும். பல் பட்ட காயம் மூட்டுக்குள் இறங்கியிருக்கக்கூடும் என்பதால் அதைத் தைத்து மூடக் கூடாது. கழுவி, ஆன்டிபயாடிக் தொடங்கி, கை அறுவை மருத்துவருக்கு அனுப்ப வேண்டும்.

பார்ப்பதும் தொடுவதும்

முதல் வேலை மோதிரத்தையும் வளையலையும் கழற்றுவது. வீக்கம் ஏறிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் தம் மனைவியின் கையை எடுத்த புகழ்பெற்ற முதல் எக்ஸ்ரே படத்திலும் விரலில் மோதிரம் இருக்கிறது. நல்லவேளை, அந்தக் கையில் முறிவு ஏதும் இல்லை.

இரு கைகளையும் அல்லது இரு கால்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக் கோணல், வீக்கம், ரத்தக்கட்டு, தோலின் நிறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முறிவுக்கு மேல் இருக்கும் காயம் எவ்வளவு சிறியதானாலும், அது எலும்போடு தொடர்புடையது என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. பிறகு வலிக்கும் இடத்துக்கு வெகுதூரத்திலிருந்து அழுத்தத் தொடங்கி, ஒரே ஒரு விரல்நுனியால் எலும்பின் மேலேயே அங்குலம் அங்குலமாக நெருங்கி வர வேண்டும். நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்த வேண்டும், விரலைப் பார்த்துக்கொண்டு அல்ல. சுளுக்கில் நோவு பரந்து கிடக்கும், எலும்பை விட்டு விலகியும் இருக்கும். முறிவிலோ விரல்நுனி அகலமுள்ள ஓரிடத்தில் முகம் சட்டென்று சுருங்கும். இன்னும் ஐயமிருந்தால் எலும்பின் நீளவாக்கில் மெல்ல அழுத்திப் பார்க்கலாம்: கட்டைவிரலை மணிக்கட்டை நோக்கி அழுத்தும்போதோ குதிகாலை லேசாகத் தட்டும்போதோ தொலைவில் உள்ள அதே புள்ளியில் வலி எழுந்தால் அது முறிவுக்குச் சாதகமான அடையாளம். உடைந்த முனைகள் உரசும் ஓசையைத் தேடி அசைத்துப் பார்ப்பது வேண்டாத கொடுமை.

அடிபட்ட இடத்துக்குக் கீழே நாடி துடிக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா, அவை அசைகின்றனவா என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். அழும் குழந்தையிடம் நரம்பைச் சோதிக்கக் கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. விரல்களை மடக்கிக் கல் காட்டினால் நடு நரம்பும், விரித்து நிமிர்த்திக் காகிதம் காட்டினால் ஆரை நரம்பும், கத்தரிக்கோல் காட்டினால் சுண்டுவிரல் பக்கத்து நரம்பும் வேலை செய்கின்றன. கடைசியாகக் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தொட ஒரு வட்டம் போடச் சொல்ல வேண்டும். வட்டம் கோணி, விரல் நுனிகள் மடங்காமல் நேராக நின்று கிள்ளுவதுபோல் சேர்ந்தால், முழங்கைக்கு மேல் முறிவில் அதிகமாகப் பாதிக்கப்படும் நடு நரம்பின் முன்கிளை அடிபட்டிருக்கிறது. இந்தச் சோதனையைச் சிம்பு வைப்பதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டும். முன்பு எழுதி வைக்காவிட்டால், பின்பு காணும் குறை அடியால் வந்ததா கட்டால் வந்ததா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

இன்றே அனுப்ப வேண்டியவை

தோல் கிழிந்த முறிவில் காயத்தைத் துழாவுவதோ வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளுவதோ கூடாது. ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, உப்புநீரில் நனைத்த துணியால் மூடி, சிம்பு வைத்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது செஃபாசோலின் 2 கிராம். ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி நிலவரத்தையும் கேட்டு, தேவையானால் போட்டு, வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் அனுப்ப வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது தசையறைக்குள் அழுத்தம் ஏறுவதை, அதாவது கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோமை. கீழ்க்காலிலும் முன்கையிலும் தசைகள் விரியாத உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. உள்ளே ரத்தமும் வீக்கமும் சேரும்போது நுண்குழாய்களின் ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் தசை மீட்க முடியாதபடி சேதமடையத் தொடங்கும். இதன் முதல் அடையாளம் காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி: சிம்பு வைத்த பின்னும், மாத்திரை கொடுத்த பின்னும் ஏறிக்கொண்டே போகும். விரல்களை மருத்துவரே மெல்ல நிமிர்த்தும்போது அல்லது நீட்டும்போது அந்த வலி அலறும் அளவுக்கு எழும்; தசை பலகைபோல் இறுகியிருக்கும். நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் அடைவதுதான் பெரிய தவறு, ஏனென்றால் நாடி மறைவது கடைசிக் கட்டத்தில். இந்த ஐயம் எழுந்ததும் கட்டை அதன் முழு நீளத்துக்கும், உள்ளிருக்கும் பஞ்சு உட்பட, தோல் தெரியும்வரை பிளந்துவிட்டு, உறுப்பை இதயத்தின் மட்டத்திலேயே வைத்து, மேலே தூக்கி வைக்காமல், உடனே அனுப்ப வேண்டும்.

முறிந்த இடத்தில் தோல் கூடாரம்போல் இழுபட்டு வெளுத்திருந்தால், அல்லது கணுக்கால் மூட்டு விலகிப் பாதம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால், தோல் அழுகிப்போக அதிக நேரம் ஆகாது. வலிமருந்து கொடுத்து, எக்ஸ்ரேக்குக் காத்திராமல், மெல்ல நேர்கோட்டில் இழுத்துப் பிடித்துச் சிம்பு வைத்துவிட்டு அனுப்புவது சரியானது. தொடை எலும்பு முறிவில் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் தேங்கக்கூடும் என்பதால், ரத்தக்குழாய் வழி நீரேற்றத்துக்கான ஊசி இல்லாமல் அந்த நோயாளி வண்டி ஏறக் கூடாது. இடுப்பு வளைய முறிவும் அப்படியே.

முதியவரின் இடுப்பு முறிவை, அதாவது தொடை எலும்பின் கழுத்து முறிவை, படம் வரைந்ததுபோல் அறிவோம்: கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் கால் நேராகவே இருக்கும். சிலர் நடந்தும் வருவார்கள். விழுந்த முதியவருக்குக் கவட்டையில் வலி இருந்து, படுத்த நிலையில் காலை உள்ளும் வெளியும் உருட்டும்போது அது கூடினால், எக்ஸ்ரே சரியாக இருப்பதாகத் தோன்றினாலும் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுக்கும் இடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். முடிந்தவரை இரண்டு நாளுக்குள் அறுவை நடந்தால் நல்லது.

யாருக்கு எக்ஸ்ரே

கணுக்கால் திருகிக்கொண்ட எல்லோருக்கும் படம் தேவையில்லை. 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் குழுவினர் வகுத்த விதிகள் இன்றும் நம்பகமானவை. கணுக்கால் பகுதியில் வலி இருந்து, உட்புற அல்லது வெளிப்புறக் கணு எலும்பின் நுனியிலோ, அதன் பின்விளிம்பில் கீழிருந்து 6 சென்டிமீட்டர் வரையிலோ அழுத்தினால் நோவு இருந்தால் படம் எடுக்க வேண்டும். அடிபட்டவுடனும் உங்கள் அறையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாதவருக்கும் எடுக்க வேண்டும். நொண்டி நொண்டி வைத்தாலும் அடி அடிதான். நடுப்பாதத்தில் வலி உள்ளவருக்கு ஐந்தாவது பாத எலும்பின் அடிப்பகுதியையும் உட்புறம் உள்ள நாவிகுலர் எலும்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். இவை எதுவுமே இல்லாதவருக்கு முறிவு இருப்பது மிக அரிது. மது அருந்தியவர், நினைவு தெளிவில்லாதவர், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர், தெளிவாகச் சொல்லத் தெரியாத சிறு குழந்தை ஆகியோரிடம் இந்த விதிகளை நம்பக் கூடாது. முழங்கைக்கு இதைவிட எளிய சோதனை உண்டு: உள்ளங்கை மேல்நோக்க இரு கைகளையும் நீட்டச் சொல்ல, அடிபட்ட கையும் மற்றதைப் போலவே முழுமையாக நிமிர்ந்தால் முறிவுக்கு வாய்ப்புக் குறைவு.

படம் கேட்கும்போது ஒன்றுக்கொன்று செங்கோணமான இரு கோணங்களையும், முறிவுக்கு மேலும் கீழும் உள்ள இரு மூட்டுகளையும் கேட்க வேண்டும். முன்கையில் ஓர் எலும்பு மட்டும் முறிந்து வளைந்திருந்தால், மற்ற எலும்பு முழங்கையிலோ மணிக்கட்டிலோ இடம் விலகியிருக்க வாய்ப்பு அதிகம். முறிவு மட்டும் கண்ணில் பட்டு, மூட்டு விலகல் படத்துக்கு வெளியே போய்விட்டால் கை நிரந்தரமாக முடங்கும். முழங்கையின் பக்கவாட்டுப் படத்தில் எலும்புக்குப் பின்னால் கறுத்த முக்கோணமாகக் கொழுப்புத் திட்டு தெரிந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். விரிசல் கோடு தெரியாவிட்டாலும், பெரியவருக்கு ஆரை எலும்பின் தலையிலும் குழந்தைக்கு முழங்கைக்கு மேலும் முறிவு இருப்பதாகக் கொண்டே சிகிச்சை தர வேண்டும்.

சிம்பு வைக்கும் கை

முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறும் நாட்கள். ஆகவே சுற்றிலும் மூடிய மாவுக்கட்டு அப்போது வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வைத்த மாவுச் சிம்பே பாதுகாப்பானது. நீளத்தை அடிபடாத கையில் அளந்துகொண்டால் நோயாளிக்கு நோகாது. பெரியவர் கைக்கு எட்டு முதல் பத்து மடிப்பும், காலுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து மடிப்பும் தேவை. தோலின் மேல் பஞ்சுப்பட்டியைப் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இரண்டு மூன்று சுற்று சுற்றி, எலும்பு துருத்தும் இடங்களில் கூடுதலாக வைக்க வேண்டும். தண்ணீர் அறைச் சூட்டிலோ சற்றே வெதுவெதுப்பாகவோ இருக்கட்டும். மாவு இறுகும்போது தானே சூடாகும் என்பதால், சீக்கிரம் காயட்டும் என்று சுடுநீரில் நனைத்தால் தோல் வெந்துபோகும். குமிழிகள் நின்றதும் எடுத்து, பிழிந்து, மடிப்புகளுக்கிடையே காற்று இல்லாதபடி உள்ளங்கையால் நீவி, வைத்து, கிரேப் பட்டியை இழுக்காமல் உருட்டிச் சுற்ற வேண்டும். இறுகும்வரை உள்ளங்கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். விரல்நுனியால் பிடித்த பள்ளம் உள்ளே புண்ணாக மாறும்.

மணிக்கட்டுச் சிம்பு உள்ளங்கையின் மேல் ரேகையைத் தாண்டக் கூடாது. விரல் முட்டிகள் முழுவதும் மடங்க வேண்டும். கை எலும்புகளுக்கு வைக்கும்போது மட்டும் முட்டிகளை 70 முதல் 90 பாகை வரை மடக்கி, விரல்களை நேராக வைக்க வேண்டும்; மாற்றி வைத்தால் முட்டியின் பக்கவாட்டுத் தசைநார்கள் சுருங்கி, முறிவு சேர்ந்தும் கை மடங்காது. கணுக்கால் எப்போதும் 90 பாகையில் இருக்க வேண்டும்.

கை முறிவுகள்

ஆரையின் கீழ்முனை முறிவில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மணிக்கட்டு முள்கரண்டியைக் கவிழ்த்ததுபோல் வளைந்திருக்கும். விலகாத முறிவுக்குச் சிம்பும், வீக்கம் வடிந்த பின் நான்கு முதல் ஆறு வாரக் கட்டும் போதும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் வாரம் ஒரு படம் எடுத்து எலும்பு நழுவவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இளையவருக்கும் சுறுசுறுப்பாக இயங்கும் முதியவருக்கும், முறிந்த முனை பின்பக்கம் 10 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தாலோ, எலும்பு 3 மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாகியிருந்தாலோ, மூட்டுப் பரப்பில் 2 மில்லிமீட்டருக்கு மேல் படி விழுந்திருந்தாலோ நிபுணரின் கருத்தைக் கேட்க வேண்டும். விலகாத முறிவிலும் ஒரு வினோதம் உண்டு: எல்லாம் சரியாகிப் போய்க்கொண்டிருக்கையில், சில வாரம் கழித்துக் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை என்று வருவார்கள். அதைத் தூக்கும் தசைநாண் உரசி அறுந்திருக்கும், அறுவை தேவைப்படும்.

ஸ்கஃபாய்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பணியின் தொடக்க ஆண்டுகளில், விளையாடும்போது கையூன்றி விழுந்த ஓர் இளைஞரின் படத்தில் ஒன்றும் இல்லையென்று சுளுக்குப் பட்டி போட்டு அனுப்பினேன். மாதங்கள் கழித்து, கதவுப்பிடியைத் திருக முடியவில்லை என்று அவர் வந்தபோது முறிவு சேராமலே இருந்தது. இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கி ஓடுவதால், நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துப் பாதி பட்டினி கிடந்து இறந்துபோகக்கூடும். கட்டைவிரலை விறைப்பாக நிமிர்த்தும்போது அதன் அடியில், இரண்டு தசைநாண்களுக்கிடையே ஒரு சிறு பள்ளம் விழும். அங்கே அழுத்துவதும், உள்ளங்கைப் பக்கத்தில் கட்டைவிரல் மேட்டின் அடியிலுள்ள முண்டில் அழுத்துவதும், கட்டைவிரலை நீளவாக்கில் அழுத்துவதும் ஆகிய மூன்றையும் செய்து பார்க்க வேண்டும். நோவு இருந்தால், படம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மணிக்கட்டுக்குச் சிம்பு வைத்து, 10 முதல் 14 நாளில் மீண்டும் அழுத்திப் பார்த்து, மீண்டும் படம் எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. கிடைக்குமானால் காத்திருக்கவே வேண்டாம். முறிவு உறுதியானால் விலகாததையும்கூட நிபுணர் ஒருமுறை பார்ப்பது நல்லது.

காறையெலும்பு பெரும்பாலும் நடுப்பகுதியில் முறியும், கைத்தூளி போதும். முதுகில் எட்டு வடிவில் சுற்றும் பட்டி தூளியைவிட நன்றாகச் சேர்ப்பதில்லை, தொந்தரவுதான் அதிகம். சேர்ந்த பின் அங்கே ஒரு முண்டு நிற்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறி 2 சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டையானாலோ, வெளிமுனையில் முறிந்து விலகினாலோ அனுப்ப வேண்டும். முதியவர்களின் மேற்கை எலும்பின் தலைப்பக்க முறிவுக்கும் பெரும்பாலும் தூளிதான் சிகிச்சை. ஆனால் மூட்டு விலகவில்லை என்று காட்டும் பக்கவாட்டுப் படம் இல்லாமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது. இந்த முறிவில் ரத்தக்கட்டு சில நாளில் முழங்கைவரையும் விலாவரையும் கறுத்து இறங்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வீட்டார் பதறிப்போவார்கள். ஆரைத் தலை முறிவில் உள்ளங்கையைத் திருப்பும்போது வலிக்கும். அது விலகாமல் இருந்தால் சில நாள் தூளிக்குப் பிறகு கையை அசைக்கத் தொடங்க வேண்டும். முழங்கையை வாரக்கணக்கில் கட்டி வைப்பது முறிவைவிட அதிகம் கெடுக்கும்.

விரல் மற்றும் உள்ளங்கை எலும்புகளில் கவனிக்க வேண்டியது திருகல். விரல்களை மடக்கச் சொன்னால் நுனிகள் எல்லாம் ஸ்கஃபாய்டை நோக்கிச் சாய வேண்டும். ஒன்று பக்கத்து விரலின் மேல் ஏறினால், படத்தில் முறிவு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அனுப்ப வேண்டும். குத்தியவருக்கு முறியும் சுண்டுவிரல் பக்கத்து ஐந்தாவது எலும்பின் கழுத்து, திருகல் இல்லாமல் 40 பாகை வரை வளைந்திருந்தாலும் கையின் வேலை கெடுவதில்லை. பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி அசைக்க விடலாம். ஆள்காட்டி விரல் பக்கத்து எலும்புக்கு அந்தச் சலுகை இல்லை. விரல் நுனி தொங்கிப்போய், தானாக நிமிராமல் வருபவருக்கு நுனி மூட்டை மட்டும் நேராக வைத்து ஆறு முதல் எட்டு வாரம் இடைவிடாமல் சிம்பு இருக்க வேண்டும். கழுவக் கழற்றும்போதும் விரலை மேசைமேல் தட்டையாக வைத்திருக்க வேண்டும். ஒரே ஒருமுறை மடங்கினாலும் நாட்கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

விலா, கால், பாதம்

விலா முறிவில் படம் எடுப்பது முறிவைத் தேட அல்ல. நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க. மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டக் கூடாது. வலியை நன்றாக அடக்கி, ஆழ்ந்து மூச்செடுக்கவும் தலையணையை அணைத்துக்கொண்டு இருமவும் கற்றுத்தர வேண்டும். மூன்று விலாவுக்கு மேல் முறிந்த முதியவர் வீட்டில் இருப்பது சரியல்ல.

கணுக்காலின் வெளி எலும்பு நுனியில் மட்டும், மூட்டுக் கோட்டுக்குக் கீழே முறிந்திருந்தால், தாங்கும் காலணியோடு வலி பொறுக்கும் அளவுக்கு நடக்கலாம். மூட்டுக் கோட்டிலோ அதற்கு மேலோ முறிந்திருந்தாலும், உட்புறமும் நோவு இருந்தாலும் அனுப்ப வேண்டும். கணுக்கால் திருகிய எவருக்கும் விரல் முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பின் தலைவரை ஏற வேண்டும். மேலே முறிந்து கீழே மூட்டைப் பிரித்திருக்கும் முறிவு கணுக்கால் படத்தில் தெரியாது. ஐந்தாவது பாத எலும்பின் அடி நுனி மட்டும் பிய்ந்திருந்தால் கெட்டியான அடிப்பாகமுள்ள காலணி போதும். அதற்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவு தள்ளி, தண்டு தொடங்குமிடத்தில் குறுக்காக முறிந்திருந்தால் அது அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் 1902இல் விவரித்த முறிவு. நடனமாடும்போது தம் பாதத்திலேயே அதை முறித்துக்கொண்டவர் அவர். அங்கே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் காலை ஊன்றாமல் சிம்பு வைத்து நிபுணரிடம் அனுப்ப வேண்டும். உள்ளங்காலில் ரத்தக்கட்டு தெரிந்தால் நடுப்பாத மூட்டு பிரிந்திருக்கிறதா என்று நின்ற நிலையில் படம் எடுக்க வேண்டும். சிறுவிரல்களுக்குப் பக்கத்து விரல்தான் சிம்பு.

குழந்தைகள்

குழந்தையின் எலும்பு பச்சைக் கொம்புபோல் வளையும், ஒரு பக்கம் மட்டும் பிளக்கும், அல்லது முழுவதும் உடையாமல் ஓரிடத்தில் புடைத்து மடியும். மணிக்கட்டில் அப்படிப் புடைத்தது மட்டும் என்றால் கழற்றக்கூடிய சிம்போ வெறும் பட்டியோ போதும். மூன்று வாரத்தில் வீட்டிலேயே எடுத்துவிடலாம். எலும்பு முனையருகே வளர்ச்சி நடக்கும் பகுதியான வளர்தட்டின் மேல் நோவு இருந்து படம் சரியாக இருந்தால், அதைச் சுளுக்கு என்று சொல்லாமல் வளர்தட்டு முறிவு என்றே கொண்டு சிம்பு வைத்து மறுபடி பார்க்க வேண்டும். நடக்கப் பழகிய குழந்தை திடீரென்று காலை ஊன்ற மறுத்தால், கீழ்க்காலின் பெரிய எலும்பில் திருகுசுழிபோல் மெல்லிய விரிசல் இருக்கலாம். முதல் படத்தில் அது மறைந்திருப்பது சகஜம். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மூட்டில் சீழ் கோத்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. முழங்கைக்கு மேல் முறிந்து விலகிய குழந்தையை, முழங்கையை மடக்கிக் கட்டாமல், வந்த கோணத்திலேயே தாங்கி, நாடியைக் குறித்துக்கொண்டு உடனே அனுப்ப வேண்டும்.

இன்னும் நடக்காத குழந்தையின் எலும்பு தானாக முறிவது மிக அரிது. சொல்லப்படும் கதை காயத்துக்குப் பொருந்தாவிட்டாலோ, வெவ்வேறு காலத்து முறிவுகள் தெரிந்தாலோ, குழந்தையை வீட்டுக்கு அனுப்பாமல் உள்ளே சேர்த்து, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களுக்குத் தெரிவிப்பது மருத்துவரின் கடமை. யார் மீது தவறு என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல.

வீட்டுக்குப் போகும்முன்னும் திரும்பி வரும்போதும்

பெரியவருக்குப் பாரசிட்டமால் 1 கிராம் வீதம், ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டாமல், முதல் சில நாள் நேரம் தவறாமல் கொடுப்பது, வலி வந்த பின் தேடுவதைவிடப் பலன் தரும். எடை குறைந்தவருக்கும் கல்லீரல் நோயாளிக்கும் அளவைக் குறைக்க வேண்டும். குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இல்லாதவருக்குச் சில நாள் ஐபுபுரோஃபென் சேர்க்கலாம். சிம்புக்கு மேலேயே பனிக்கட்டிப் பொதியை நனையாதபடி இருபது நிமிடம் வைக்கலாம். வீங்கிய இடத்தை உருவிவிடக் கூடாது. விரல் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, வலி குறையாமல் ஏறினாலோ நள்ளிரவானாலும் வர வேண்டும் என்பதை எழுதியே கொடுக்க வேண்டும். கட்டு உள்ளே இறுக்குகிறது என்று சொல்லும் நோயாளி பொய் சொல்வதில்லை. பிரித்துப் பார்க்காமல் அவருக்கு மாத்திரையைக் கூட்டக் கூடாது.

நின்ற உயரத்திலிருந்து விழுந்து முறித்துக்கொண்ட ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு எலும்புப்புரை இருக்கிறதா என்று பார்ப்பது அந்த முறிவுச் சிகிச்சையின் ஒரு பகுதியே. மணிக்கட்டில் முறிந்தவருக்கு அடுத்து முதுகெலும்போ இடுப்போ முறியக்கூடும். எலும்பு அடர்த்திச் சோதனைக்கு எழுதிக்கொடுத்து, வைட்டமின் டி அளவைக் கவனித்து, தேவையானவருக்கு எலும்பைக் காக்கும் மருந்தை யார் தொடங்குவது என்பதை முடிவுசெய்த பிறகே அவருடைய சீட்டை மூட வேண்டும். கட்டுப் போடுபவர் இதை இன்னொருவர் பார்ப்பார் என்று விட, அந்த இன்னொருவரும் அப்படியே விடுவதுதான் நடைமுறையில் காண்பது.

கைமுறிவுகள் ஏறத்தாழ ஆறு வாரத்திலும், காலின் பெரிய எலும்புகள் அதைப்போல் இருமடங்கு காலத்திலும் சேரும். குழந்தைகளுக்கு இதில் பாதி போதும். புகைபிடிப்பவருக்கு நாள் நீளும். கட்டை எடுக்கலாமா என்பதைத் தீர்மானிக்க முதல் நாள் செய்த அதே வேலையைத்தான் திரும்பச் செய்ய வேண்டும்: ஒரு விரல்நுனியால் முறிந்த இடத்தில் அழுத்த வேண்டும். நோவு இல்லாமல், எலும்பு ஆடாமல் இருந்தால், படத்தில் கோடு இன்னும் தெரிந்தாலும் கட்டை எடுத்து அசைக்கத் தொடங்கலாம். கட்டை எடுத்த கை எரிவதுபோல் வலித்து, தோல் பளபளத்து, ஒரு பக்கம் வியர்த்து, தொட்டாலே துடித்தால் அது சேரும் எலும்பின் வலியன்று. நரம்பு மண்டலம் தவறாக விழித்துக்கொண்டிருக்கிறது. அன்றே இயன்முறைச் சிகிச்சையைத் தொடங்கி, வலி மருத்துவம் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும்.